வேர்ட்ஸ்வொர்த்தும் கீட்ஸும் சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்தது எதை, விட்டது எதை?

கேள்வி இதுதான்: ஆங்கில ரொமான்டிக் கவிஞர்களில் இருவர் தங்கள் சொந்த அனுபவத்தை எப்படிக் கவிதையாக்கினார்கள் என்று ஒப்பிட வேண்டும். வேர்ட்ஸ்வொர்த் தன் வாழ்க்கையை எழுதினார், கீட்ஸ் கற்பனையை எழுதினார் என்று பிரித்துக் காட்டினால் போதுமா?

போதாது. கைடு புத்தகங்களில் வரும் பிரிவினை அது. இரண்டு கவிதைகளை எடுத்துச் சரிபார்த்தாலே ஆட்டம் கண்டுவிடும். இருவருமே வாழ்ந்ததிலிருந்துதான் எடுத்தார்கள். வேறுபாடு, எடுத்ததில் எதை வைத்துக்கொண்டார்கள், எதைத் தள்ளினார்கள் என்பதில் இருக்கிறது. வேர்ட்ஸ்வொர்த் இடத்தையும் காலத்தையும் ‘நான்’ என்கிற ஆளையும் விடமாட்டார். ஆனால் கூட இருந்தவர் யார், அன்று காற்று எப்படி அடித்தது, எதிரே வந்தவர் என்ன செய்து பிழைத்தார் என்பதையெல்லாம் தயங்காமல் மாற்றுவார். கீட்ஸ் சம்பவத்தையும் ஊரையும் பெயரையும் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தச் சம்பவத்தின்போது உடம்பு உணர்ந்ததை மட்டும் வைத்துக்கொள்வார். இதை நிரூபிக்க நமக்கு நல்ல சாட்சிகள் உண்டு. வேர்ட்ஸ்வொர்த்துக்கு அவர் தங்கை டாரதியின் நாட்குறிப்பு, கீட்ஸுக்கு அவரே எழுதிய கடிதங்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் வைக்காமல் கவிதையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஊகம்தான் மிஞ்சும்.

ஒப்பீட்டை எங்கே தொடங்குவது என்று கேட்டால், பெற்றோரின் சாவில் தொடங்கச் சொல்வேன். இருவரின் வாழ்க்கையும் அங்கே வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறது. வேர்ட்ஸ்வொர்த் பிறந்தது 1770 ஏப்ரலில். தாய் இறந்தது 1778 மார்ச்சில், அவருக்கு எட்டு வயது முடியும் முன்பே. தந்தை 1783 டிசம்பர் 30 அன்று இறந்தபோது வயது பதின்மூன்று. கீட்ஸ் பிறந்தது 1795 அக்டோபர் 31. எட்டு வயதில் தந்தை குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். 1810 மார்ச்சில் தாய் காசநோயால் இறந்தபோது வயது பதினான்கு. ஆக, ஒரே இழப்பு, ஏறக்குறைய ஒரே வயது. அதை வைத்து இருவரும் செய்தது என்ன?

வேர்ட்ஸ்வொர்த் தன் நீண்ட தன்வரலாற்றுக் கவிதையான ‘தி பிரிலூட்’டில் தந்தையின் சாவை எழுதுகிறார். ஆனால் கவிதை நின்று பார்ப்பது மரணத்தை அல்ல, அதற்குச் சில நாள் முந்தைய ஒரு காத்திருப்பை. ஹாக்ஸ்ஹெட் பள்ளியில் கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கும் நேரம். சகோதரர்களையும் தன்னையும் வீட்டுக்கு அழைத்துப் போகக் குதிரைகள் வரவேண்டும். பையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு சாலைகள் தெரியும் ஒரு பாறை மேட்டில் ஏறி உட்கார்கிறான். புயல் நாள். ஒரு மொட்டைச் சுவரின் ஓரம் பாதி ஒதுங்கியிருக்கிறான். வலப்பக்கம் ஒற்றை ஆடு, இடப்பக்கம் காற்றில் சீழ்க்கையடிக்கும் ஒரு ஹாதார்ன் முட்புதர், கீழே மூடுபனி விலகி விலகிக் கூடுகிறது. வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் ஆவதற்குள் தந்தை இறக்கிறார். தன் அவசரத்துக்குக் கிடைத்த தண்டனை அது என்று பையன் நினைத்துக்கொள்கிறான்.

சாவுக்கு ஒன்றிரண்டு வரி, காத்திருப்புக்கு ஒரு பத்தி. துக்கம் முழுவதையும் அவர் ஆட்டின் மேலும் சுவரின் மேலும் ஏற்றிவிடுகிறார். அதற்குப் பிறகு சொல்வதுதான் இன்னும் முக்கியம்: அந்தக் காட்சிகளுக்கும் ஒலிகளுக்கும் பிற்பாடு அடிக்கடி திரும்பிப் போய், ஊற்றில் குடிப்பதுபோல் குடித்தேன் என்கிறார். துயரமான நினைவு பெரியவனுக்குப் பலம் தருகிறது. இப்படிப்பட்ட தருணங்களை அவர் ‘காலப் புள்ளிகள்’ என்ற பொருளில் குறிப்பிட்டார். அவருடைய வேலைமுறையே இதில் அடங்கியிருக்கிறது: இடம் குறிப்பாக இருக்கும், உணர்ச்சி பல வருடம் கழித்து வந்து சேரும், கடைசியில் அது பேசுகிறவருக்குப் பயன்படும்.

கீட்ஸிடம் இதற்கு இணையான கவிதை எது என்று தேடினால் கிடைக்காது. நோயுற்ற தாய்க்கு அருகே இரவெல்லாம் நாற்காலியில் விழித்திருந்து, மருந்தைத் தன் கையாலேயே கொடுத்த பையன் என்று அவருடைய நண்பரான ஓவியர் ஹேடன் குறித்திருக்கிறார். அப்படிப்பட்டவர் தாயின் மரணம் என்று சுட்டிக்காட்டக்கூடிய கவிதை எதையும் விட்டுப்போகவில்லை. அதற்குப் பிறகு எட்மன்டனில் தாமஸ் ஹேமண்ட் என்ற அறுவை வைத்தியரிடம் தொழில் பழகினார். 1815 அக்டோபரில் லண்டனின் கைஸ் மருத்துவமனையில் சேர்ந்து, அறுவைக்கு உதவி செய்து கட்டுப்போடும் ‘டிரெஸ்ஸர்’ வேலை பார்த்தார். 1816 ஜூலையில் மருத்துவ உரிமத் தேர்விலும் தேறினார். மயக்க மருந்து இல்லாத காலத்து அறுவை அரங்கு. அதைப் பற்றியும் ஒரு கவிதை கிடையாது. இங்கே நிறுத்திக்கொண்டால் ‘கீட்ஸ் வாழ்க்கையிலிருந்து ஓடிப்போனவர்’ என்ற பழைய முடிவுக்குத்தான் வருவோம். நிறுத்தாமல் 1818க்கு வாருங்கள்.

1818 கோடையில் நண்பர் சார்லஸ் பிரவுனுடன் ஸ்காட்லாந்தில் நடைப்பயணம் போன கீட்ஸ், தொண்டைப் புண்ணோடு ஆகஸ்டில் ஹாம்ப்ஸ்டெட்டுக்குத் திரும்பினார். ஒரு தம்பி ஜார்ஜ் அந்த ஜூனிலேயே அமெரிக்காவுக்குக் கப்பலேறியிருந்தார். கடைசித் தம்பி டாம் காசநோயில் படுத்திருந்தார். டிசம்பர் 1 அன்று டாம் இறக்கும்வரை பார்த்துக்கொண்டவர் கீட்ஸ்தான். அப்போது டாமுக்கு வயது பத்தொன்பது. செப்டம்பரில் டில்க் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில், டாமின் இருப்பு நாள் முழுக்கத் தன்னை அழுத்துகிறது, அதிலிருந்து மூச்சு வாங்கவே அருவமான உருவங்களுக்குள் எழுதிக்கொண்டு மூழ்கவேண்டியிருக்கிறது என்கிறார். அந்த மூழ்கலில் பிறந்தது, தோற்றுப்போன தெய்வங்களைப் பற்றிய ‘ஹைப்பீரியன்’. அக்டோபர் 27 அன்று ரிச்சர்ட் வுட்ஹவுஸுக்கு எழுதிய கடிதம் இன்னும் பிரபலம். கவிஞனுக்குத் தனக்கென்று ஓர் அடையாளம் கிடையாது, அவன் பச்சோந்தி என்று சொல்வது அதில்தான். வேர்ட்ஸ்வொர்த்தின் பாணியைத் தன்முனைப்பு மிகுந்த கம்பீரம் என்று பிரித்து வைப்பதும் அதே கடிதத்தில்தான். ஓர் அறையில் பலரோடு இருந்தால் அவர்களின் இருப்பு தன்னை அழுத்தி, சற்று நேரத்தில் தான் இல்லாமல் போய்விடுவதாகவும் எழுதுகிறார்.

இரண்டு கடிதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். அடுத்தவரின் இருப்பு அழுத்துவது என்ற அதே அனுபவம், ஐந்து வாரம் முன்பு நோயாளியின் அறையைப் பற்றிச் சொன்னது, இப்போது கவிதைக் கொள்கையாக வந்திருக்கிறது. ‘கவிஞனுக்குச் சுயம் இல்லை’ என்ற கோட்பாட்டை வகுப்பில் வெறும் அழகியல் கருத்தாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது உருவான வாரங்களில் கீட்ஸ் ஒரு படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சுயத்தை மறுக்கும் கொள்கையே சொந்த அனுபவத்திலிருந்து எடுத்ததுதான் என்பது என் துணிபு. ஒப்பீட்டுக் கட்டுரையில் எடையுள்ள வாதம் வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளலாம்.

டாம் இறந்து சுமார் ஆறு மாதம் கழித்து, 1819 வசந்தத்தில் நைட்டிங்கேல் என்ற பறவையை நோக்கிக் கீட்ஸ் எழுதிய பாடலின் மூன்றாம் பத்தியைப் பாருங்கள். மொத்தம் எட்டுப் பத்திகள்; மூன்றாவதின் பத்து வரிகளிலும் ‘நான்’ தலைகாட்டவில்லை. மனிதர்கள் உட்கார்ந்து ஒருவர் முனகலை ஒருவர் கேட்கும் இடம், வாதநோயில் நடுங்கும் மிச்சமிருக்கும் சில நரைமயிர், வெளிறி, பேய்போல் மெலிந்து இறக்கும் இளமை. இளமை என்று பொதுப்பெயர்தான், டாம் என்று இல்லை. முனகும் வரிசையில் ஆஸ்பத்திரி வார்டும் இருக்கிறது, ஹாம்ப்ஸ்டெட் வீடும் இருக்கிறது. எது எது என்று பிரிக்க வழியில்லாதபடி கலந்துவிட்டார். தொடக்க வரிகளில் வரும் நச்சுச் செடிச் சாறும் அபின் கலவையும் மருந்துக்கடை அறிந்தவன் கைக்கு எளிதில் வருபவை. சம்பவம் கரைந்துபோயிற்று, உடம்பின் அறிவு தங்கிவிட்டது. அவருடைய ‘தி ஃபால் ஆஃப் ஹைப்பீரியன்’ கவிதையில் மொனேட்டா என்ற தெய்வம் முகத்திரையை விலக்கும்போது தெரியும் முகமும் இதே வகை. கொல்லாத ஒரு நோயால் வெளுத்து, சாவை நோக்கி நகர்ந்தும் சாவைச் சேராத முகம். காசநோயாளியை மாதக்கணக்கில் பார்த்தவருக்கு மட்டும் கிடைக்கும் விவரம் அது. எழுதியதோ ஒரு தெய்வத்தின் முகத்தில்.

இனி வேர்ட்ஸ்வொர்த் எதைத் தள்ளினார் என்று பார்ப்போம். எல்லோருக்கும் தெரிந்தது டாஃபடில் மலர்க் கவிதை. 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அவரும் டாரதியும் சேர்ந்து நடந்தார்கள். டாரதியின் குறிப்பில் காற்று மூர்க்கமாக அடிக்கிறது. சில மலர்கள் களைத்துப்போய்க் கற்களைத் தலையணையாக்கிச் சாய்ந்திருக்கின்றன, மற்றவை ஆடிச் சுழன்று சிரிக்கின்றன. அண்ணன் இரண்டு வருடம் கழித்து 1804இல் எழுதும்போது, மேகம்போல் தனியே அலைந்தேன் என்கிறார். டாரதி இல்லை. மூர்க்கக் காற்று தென்றலாகிவிட்டது. களைத்த மலர்கள் போயே போய்விட்டன. 1807இல் அச்சானபோது மூன்று பத்திகள்தான். விண்மீன் வரிசையோடு ஒப்பிடும் பத்தி 1815 பதிப்பில் சேர்ந்தது. இன்னொரு வேடிக்கை: தனிமையின் பேரின்பமான அகக்கண் என்ற, கவிதையின் உயிர்நாடி போன்ற அந்த இரண்டு வரிகள் மனைவி மேரி கொடுத்தவை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏப்ரல் 15 அன்று மேரி அங்கே இல்லை.

இதைவிடக் கூர்மையான உதாரணம், வைத்தியத்துக்குப் பயன்படும், ரத்தம் உறிஞ்சும் அட்டைகளைப் பிடிக்கும் கிழவர். ‘ரெசல்யூஷன் அண்ட் இன்டிபென்டென்ஸ்’ என்ற கவிதை 1802இல் எழுதியது; கிழவரைச் சந்தித்ததோ 1800 இலையுதிர் காலத்தில். டாரதியின் நாட்குறிப்பில் கிழவர் கிட்டத்தட்ட இரண்டாக மடிந்த உடம்போடு வழியில் எதிர்ப்படுகிறார். தோளில் போட்ட கோட்டு, அதற்குள் ஒரு மூட்டை, இடுப்பில் ஏப்ரன், தலையில் இரவுத் தொப்பி. வண்டி ஓட்டும்போது விபத்தில் கால் முறிந்து மண்டை உடைந்திருக்கிறது. மனைவி இறந்துவிட்டாள், பத்துப் பிள்ளைகளில் ஒருவர் தவிர யாரும் இல்லை. நூறு அட்டை முன்பு இரண்டரை ஷில்லிங்குக்கு விற்றது, இப்போது கிடைப்பதே அரிதாகி முப்பது ஷில்லிங். தேடிப் பிடிக்கத் தெம்பில்லாமல் பிச்சையெடுத்துப் பிழைக்கிறார். கார்லைலுக்குப் போய்ச் சில சமயப் புத்தகங்கள் வாங்கி விற்கும் எண்ணத்தில் நடந்துகொண்டிருக்கிறார்.

கவிதையில் அவர் ஆளரவமற்ற மேட்டு நிலத்தில் ஒரு குட்டையோரம் பெரும் பாறைபோல் நிற்கிறார். காலால் நீரைக் கலக்கி அட்டை தேடுகிறார். முன்புபோல் அகப்படவில்லை, ஆனாலும் விடாமல் தேடுகிறேன் என்கிறார். பிச்சைக்காரர் தொழிலாளி ஆகிவிட்டார். சாலை மேட்டு நிலம் ஆகிவிட்டது. உடன் இருந்த தங்கை மறைந்து, மனச்சோர்வில் இருக்கும் ஒரு கவிஞன் மட்டும் மிஞ்சினான். கவிஞனுக்கு அன்று தேவைப்பட்டது விடாமுயற்சிக்கு ஓர் உருவம், பிச்சையெடுக்கும் கிழவர் அதற்கு உதவமாட்டார். இதைப் பொய் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் ‘வேர்ட்ஸ்வொர்த் கண்டதைக் கண்டபடி எழுதினார்’ என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். (அந்த அட்டைகள் கடைசியில் போய்ச் சேர்ந்தது ஹேமண்ட் போன்ற வைத்தியர்களின் ஜாடிகளுக்கு. பத்து வருடம் கழித்து அதே தொழிலைத்தான் கீட்ஸ் பழகினார்.)

காலம் பற்றி ஒரு எச்சரிக்கை. அமைதியில் நினைவுகூரும் உணர்ச்சி என்று ‘லிரிக்கல் பேலட்ஸ்’ என்ற கவிதைத் தொகுப்பின் முன்னுரையில் 1800இல் வேர்ட்ஸ்வொர்த் எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். டாஃபடிலுக்கும் கிழவருக்கும் பொருந்துகிறது, சரி. டின்டர்ன் ஆபி கவிதைக்கு? 1798 ஜூலையில் வை நதிக்கரையில் நடந்தபடியே மனத்தில் கட்டி, பிரிஸ்டல் வந்து சேர்ந்ததும் எழுதியதாக அவரே சொல்கிறார். ஐந்து வருடம் முன்பு அதே இடத்துக்கு வந்த நினைவு அங்கே கவிதையின் பொருளாக இருக்கிறது. எழுதியது சூட்டோடு சூடாக. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்து சானெட்டின் (பதினான்கு வரிக் கவிதை) தலைப்பில் 1802 செப்டம்பர் 3 என்று தேதி போட்டிருப்பார். டாரதியின் குறிப்பை நம்பினால் அந்தக் காலைக்காட்சியைக் கண்டது ஜூலை கடைசியில், பிரான்ஸுக்குப் போகும் வழியில். கவிதைத் தலைப்பில் இருக்கும் தேதியும் கலையின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கீட்ஸ் பக்கம் இடைவெளி பெரும்பாலும் சிறியது. 1819 செப்டம்பர் 19, ஞாயிறு, வின்செஸ்டரில் உலாவப் போகிறார். இரண்டு நாள் கழித்து ரெனால்ட்ஸ் என்ற நண்பருக்கு எழுதுகிறார்: அறுவடை முடிந்த தாள்வயல் சில ஓவியங்களைப்போல் கதகதப்பாகத் தெரிகிறது, அது மனத்தில் தைத்ததால் கவிதையாக்கினேன் என்று. அதுதான் இலையுதிர் காலப் பாடல். ‘நான்’ அதில் ஓரிடத்திலும் கிடையாது. இத்தனைக்கும் அதற்குச் சில நாள் முன்புதான் ஜார்ஜ் அமெரிக்காவில் பணத்தை இழந்த செய்தி வந்து, கீட்ஸ் லண்டனுக்கு ஓடிப்போய்த் திரும்பியிருந்தார். கடனின் சாயல் ஒரு வரியில்கூட இல்லை. தாள்வயலின் நிறம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால் உடனே எழுதினால் கீட்ஸுக்கு வெற்றி என்று விதி செய்துவிட வேண்டாம். 1818 ஜூலையில் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த குடிசைக்குள் உட்கார்ந்து ஒரு சானெட் எழுதினார். படி எடுத்து அனுப்பக்கூட லாயக்கில்லாத அளவு மோசம் என்று அவரே ரெனால்ட்ஸுக்கு எழுதினார். ஆயிரம் நாள் வாழும் இந்த உடல் என்று அது தொடங்கும். எழுதி ஆயிரம் நாள் முடியும் முன் அவர் இறந்ததால் அதைத் தீர்க்கதரிசனமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. பிற்பாடு நடந்ததைக் கொண்டு முன்பு எழுதியதை விளக்கும் இந்தப் பழக்கம் கீட்ஸ் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் பிழை. அவர் இருமலில் ரத்தத்தைக் கண்டது 1820 பிப்ரவரி 3 அன்று. 1819 பாடல்களில் தன் நோயை அறிந்தவர் பேசுகிறார் என்று எழுதினால் தேதி இடிக்கும். அங்கே இருப்பது டாமின் நோய். பிளம் மரத்தடியில் நாற்காலி போட்டு நைட்டிங்கேல் பாடலை எழுதினார் என்ற கதையும் பிரவுன் பல வருடம் கழித்துச் சொன்னது. அதை டில்க் ஏற்கவில்லை. சாட்சி என்ற அளவில் மட்டும் பயன்படுத்துங்கள்.

மறைத்தலிலும் இருவருக்கும் வேறு வேறு வழி. வேர்ட்ஸ்வொர்த்துக்கு ஆன்னெட் வாலோன் என்ற பிரெஞ்சுப் பெண்ணிடம் 1792 டிசம்பரில் ஒரு மகள் பிறந்தாள், கரோலின். ‘தி பிரிலூட்’டில் அந்த உறவு இல்லை. 1805 வடிவத்தில் வாட்ரகூர், ஜூலியா என்று வேறு இரு காதலர்களின் கதையாக நுழைகிறது. 1850இல் அச்சான வடிவத்தில் அதையும் எடுத்துவிட்டார். 1802 ஆகஸ்டில் பிரான்ஸின் கலே கடற்கரையில் ஒன்பது வயது மகளோடு நடந்த மாலை ஒரு சானெட்டாக வந்தது. என்னோடு நடக்கும் அன்புக் குழந்தையே என்று கூப்பிடுகிறார். 1807இல் படித்த வாசகருக்கு அது யாருடைய குழந்தையோ. உண்மை பொதுவெளிக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இடத்தையும் பொழுதையும் தந்துவிட்டு, உறவை மட்டும் பூட்டி வைத்தார். கீட்ஸின் காதலி ஃபேனி பிரான் விஷயத்தில் தலைகீழ்: அவர் பெயரோடு நேரடியாக எழுதிய கவிதைகள், என் தீர்ப்பில், கீட்ஸின் பலவீனமான கவிதைகளில் சேரும். உணர்ச்சி இன்னும் கரையாமல் கட்டியாக நிற்கிறது.

இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களே. 1817 டிசம்பரில் லண்டனில் ஹேடன் வீட்டு விருந்தில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். 1818 ஜூனில் கீட்ஸ் வேர்ட்ஸ்வொர்த்தின் ரைடல் மவுண்ட் வீட்டுக்கே போனார். அவர் தேர்தல் வேலையாக வெளியே போயிருந்ததால் குறிப்பு எழுதி வைத்துவிட்டுத் திரும்பினார். கவிதையிலும் ஒரு தடம் உண்டு. உலகத்தின் காய்ச்சலையும் பயனற்ற பரபரப்பையும் டின்டர்ன் ஆபி கவிதை பேசுகிறது. நைட்டிங்கேல் பாடலின் மூன்றாம் பத்தியில் அயர்ச்சியும் காய்ச்சலும் மன உளைச்சலும் அதே சொற்களின் எதிரொலியோடு வருகின்றன. வேர்ட்ஸ்வொர்த்துக்குக் காய்ச்சல் ஓர் உருவகம், நகர வாழ்க்கையின் நோய். கீட்ஸ் அந்தச் சொல்லை வாங்கி, உண்மையாகவே காய்ச்சல் அடிக்கும் உடம்புகளுக்கு நடுவே வைக்கிறார். வேர்ட்ஸ்வொர்த்துக்கு நதிக்கரை நினைவு மருந்தாக வேலை செய்கிறது. கீட்ஸுக்குப் பறவையின் பாட்டு முடிந்ததும் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்ற கேள்வி மட்டும் மிச்சம்.

எழுதும்போது ஒவ்வொரு கவிதைக்கும் மூன்று தேதி குறித்துக்கொள்ளுங்கள்: நடந்தது, எழுதியது, அச்சானது. பிறகு கவிதையில் இருக்கும் ஆட்களையும், சாட்சியத்தில் இருக்கும் ஆட்களையும் எண்ணிப் பாருங்கள். யார் காணாமல் போனார்கள் என்பதில் பாதி விடை வந்துவிடும். டாரதி எப்போதும் மறைக்கப்பட்டார் என்று பொதுமைப்படுத்த வேண்டாம். டின்டர்ன் ஆபி கவிதையில் நூறு வரிக்கு மேல் கடந்து, அன்புத் தங்கையே என்று நேராக அழைக்கப்படுகிறார். ‘தி பிரிலூட்’டை மேற்கோள் காட்டும்போது 1799, 1805, 1850 என எந்த வடிவம் என்று சொல்லாவிட்டால் மதிப்பெண் போகும், வாதமும் குழம்பும். 1850 வடிவம் முதிர்ந்த கவிஞர் திருத்தியது. இளமை அனுபவத்துக்கு அருகில் இருப்பவை முதலிரண்டும்தான். இடம் குறைவு என்றால் இரண்டே ஜோடி போதும்: ஹாக்ஸ்ஹெட் காத்திருப்புக்கு எதிரே நைட்டிங்கேல் பாடலின் மூன்றாம் பத்தி, அட்டை பிடிக்கும் கிழவருக்கு எதிரே இலையுதிர் காலப் பாடல். டாஃபடிலை விட்டுவிடலாம், எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள்.